பூச்சி நோட்டு

நவரைக்கு நாத்து விடற வேலையில மாசம் ஒண்ணா இந்தப் பக்கம் வர முடியல. போன தடவை ஏரி மதகு கதையைப் பாதியில விட்டேன், அதை இன்னொரு நாள் முடிக்கிறேன். இன்னிக்குப் பூச்சியைப் பத்தி எழுதணும்.

முதல்ல உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ராத்திரி வண்டியில போகும்போது கண்ணுல பூச்சி விழுந்து, வண்டியை ஓரம் கட்டி, துண்டு நுனியை ஊதி ஊதி ஒத்தடம் குடுத்தீங்களே, அது கடைசியா எப்போ?

1992ல நான் ஒரு பழைய டிவிஎஸ் 50 வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூர்ல ரெண்டாவது ஆட்டம் பாத்துட்டு ஊருக்குத் திரும்பும்போது வாயை மூடிக்கிட்டுத்தான் ஓட்டணும். பேசினா பூச்சியை முழுங்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து பாத்தா முகப்பு லைட்டு கண்ணாடி மேல ஒரு அடை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைத் தண்ணி ஊத்தித் தேச்சாத்தான் மறுநாள் வெளிச்சம் வரும். இப்ப அதே வழியில, ஒரகடம் கூட்டு ரோடு தாண்டி வாலாஜாபாத் ரோட்டுல, ராத்திரி பத்து மணிக்கு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டே வர்றேன். ஒண்ணும் விழறதில்ல. லாரி தூசிதான் விழுது. இதுல எனக்கு என்ன அதிர்ச்சின்னா, அது எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. ஒரு நாள்ல நிக்கல. அதனால கவனிக்கல.

ஜெர்மனியில கிரெஃபெல்டுன்னு ஒரு ஊர். பட்டும் வெல்வெட்டும் நெய்யற ஆலைங்களுக்குப் பேர் போனது, நம்ம காஞ்சிபுரம் மாதிரின்னு வச்சுக்குங்க. அங்க பூச்சி மேல ஆசை இருக்கற ஆளுங்க சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருக்காங்க. பல பேர் வேற வேலை பாக்கறவங்க, ஓய்வு நேரத்துல இதைச் செய்யறாங்க. 1989லேருந்து 2016 வரைக்கும், 27 வருஷம், 63 இடத்துல துணிக் கூடாரம் மாதிரி ஒரு பொறியைக் கட்டி வச்சு, அதுல விழற பூச்சியையெல்லாம் சாராய பாட்டில்ல பிடிச்சு எடை போட்டுக்கிட்டே வந்திருக்காங்க. 2017ல கணக்கை வெளியிட்டப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு. பறக்கற பூச்சியோட எடை முக்கால் பங்குக்கு மேல குறைஞ்சு போச்சாம். அதுவும் ரோட்டு ஓரத்துல எடுத்த கணக்கு இல்ல, பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிங்கள்ல எடுத்தது.

இதை எனக்குச் சொன்னது என் சின்னப் பொண்ணு. சொல்லிட்டு, "நம்ம ஊர்ல யாராவது எண்ணி வச்சிருக்காங்களாப்பா?"ன்னு கேட்டா.

எங்கப்பா கணக்கு நோட்டு என்கிட்ட இருக்கு. 1974லேருந்து எழுதியிருக்கார். எத்தனை மூட்டை, எந்த மண்டி, அண்டை வெட்டக் கூலி எவ்வளவு, எருமை எப்ப சினை ஆச்சு, எல்லாம் இருக்கு. அதைப் புரட்டிப் பாத்தேன். பூச்சிங்கற வார்த்தை ஒரே ஒரு விதமாத்தான் வருது: "பூச்சி மருந்து – 42 ரூபாய்."

சின்ன வயசுல நாங்க பூச்சியோடதான் வளர்ந்தோம். பொன்வண்டைத் தீப்பெட்டியில போட்டு, கொன்னை எலையைக் கிள்ளிப் போட்டு, முட்டை வச்சிருக்கான்னு வகுப்புல டெஸ்க்குக்கு அடியில திறந்து திறந்து பாப்போம். முதல் மழைக்கு மறுநாள் மேட்டுக் கொல்லையில செக்கச் செவேல்னு வெல்வெட்டுத் துணி மாதிரி ஊர்ந்து வருமே, அந்தப் பட்டுப்பூச்சியை உள்ளங்கையில வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துவோம். (அது பூச்சி இனமே இல்லையாம், எட்டுக் காலாம், சிலந்திக்குச் சொந்தமாம். அம்பது வயசுக்கு மேலதான் காலை எண்ணிப் பாத்தேன்.) தட்டான் வால்ல நூல் கட்டி விடுவோம். அதை நினைச்சா இப்ப கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாங்க நூல் கட்டி ஒண்ணும் தட்டான் குறையல. குறைச்சது பிற்பாடு, பெரிய ஆளா ஆனப்புறம் செஞ்ச வேலை.

அதையும் சொல்லிடறேன். மறைச்சு எழுதினா இந்தப் பக்கம் எதுக்கு.

தொண்ணூறுகள்ல எங்க பக்கம் புகையான் வந்துச்சு. வெவசாயம் பண்றவங்களுக்குத் தெரியும். தூர்ல, தண்ணிக்கு மேல ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சும். வட்ட வட்டமா பயிர் தீஞ்சு போகும், யாரோ கொள்ளி வச்ச மாதிரி. மருந்துக் கடைக்காரர் குடுத்ததை வாங்கி அடிச்சோம். மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்பான், அதுக்கு மேல ஒண்ணுன்னு கலந்து அடிச்சோம். டப்பாவுல சிவப்பு முக்கோணம் இருக்கும், மண்டை ஓடு இருக்கும். நாங்க லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, மூக்குல துண்டு கூட இல்லாம அடிப்போம். ஒரு நாள் எங்க அண்ணன் ரெண்டாவது டேங்க் முடிக்கறதுக்குள்ள வரப்புல உக்காந்துட்டார். வாயில எச்சில் ஒழுகுது, கண்ணு பாப்பா குண்டூசி மாதிரி சுருங்கிப் போச்சு. மாட்டு வண்டியில போட்டுக் கொண்டு போனோம். பொழச்சுட்டார். ஆனா அதுக்கப்புறம் அவர் கை நடுக்கம் நிக்கவே இல்ல. டீ டம்ளரை ரெண்டு கையாலதான் பிடிப்பார்.

அந்தப் பயிராவது பொழச்சுதான்னு கேட்டா, இல்ல. அடிச்ச பத்தாவது நாள் புகையான் முன்ன விட அதிகமா ஏறுச்சு.

ஏன்னு எனக்குப் புரிஞ்சது வேளாண்மைத் துறைக்காரங்க நடத்தின வயல்வெளிப் பள்ளியில. வாரத்துல ஒரு நாள் கழனியில எறங்கி, பத்து தூரைத் தட்டி, என்ன இருக்குன்னு எண்ணி சார்ட்டுல வரையணும். கெட்டது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். சிலந்தி, பச்சை மிரிட் பூச்சி, பொறிவண்டு, தட்டான், எல்லாம் நல்லது பக்கம். மிரிட் பூச்சி புகையானோட முட்டையைத் தேடித் தேடி உறிஞ்சும். சிலந்தி குஞ்சையும் தாயையும் பிடிக்கும். நாம அடிக்கற மருந்துல முதல்ல சாகறது இந்த ரெண்டும்தான். புகையான் முட்டை தோகைக்குள்ள பத்திரமா இருக்கும். அது பொரிஞ்சு வெளிய வரும்போது, தின்ன ஆள் இல்லாத கழனி அதுக்குக் கெடைக்குது. இந்தப் பாடத்தை நமக்கு முன்னாடி படிச்சது இந்தோனேசியா. மருந்தை மானியத்துல வாரி வாரிக் குடுத்து, புகையான் பெருகி, நெல் போய், கடைசியில 1986ல 57 மருந்தை நெல்லுக்கு அடிக்கக் கூடாதுன்னு ஜனாதிபதி உத்தரவே போட்டாங்க. வயல்வெளிப் பள்ளி அங்க 1989ல ஆரம்பிச்சு, அப்புறம் நம்ம நாட்டுக்கு வந்துச்சு.

இதையெல்லாம் கேட்டுட்டு நான் உடனே திருந்திட்டேன்னு நினைக்காதீங்க. பாடம் படிச்சப்புறமும் நாலஞ்சு வருஷம் அடிச்சேன். பக்கத்துக் கழனிக்காரர் அடிச்சா எனக்கு பயம் வரும், நான் அடிச்சா அவருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டேன். எட்டு அடிக்கு ஒரு பட்டம் விட்டு நட்டேன், தண்ணியை வடிச்சு வடிச்சுக் கட்டினேன், யூரியாவைக் குறைச்சேன். எண்டோசல்பானை 2011ல உச்ச நீதிமன்றமே நிறுத்திடுச்சு. இன்னிக்கும் ஆனைக்கொம்பன் வந்தா என் கை மருந்து டப்பாவைத் தேடும். வீட்டுல வாங்கி வைக்கறதில்ல, அதனால தப்பிக்கறேன்.

ஒண்ணு கவனிச்சீங்களா? ஆனைக்கொம்பன், புகையான், குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, கதிர்நாவாய்ப் பூச்சி. நெல்லைத் தின்றதுக்கெல்லாம் தனித்தனியா பேர் வச்சிருக்கோம். நெல்லைத் தின்னாததுக்கு, சிறகடிச்சுப் பறந்தா பட்டாம்பூச்சி, அவ்வளவுதான். மஞ்சளா இருந்தாலும் அதே பேர், கறுப்பா இருந்தாலும் அதே பேர்.

இப்ப என் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவ இங்க ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில ஷிஃப்ட்டுல வேலை பாக்கறா. எங்க ஊரைச் சுத்தி என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். 1996ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துச்சு. 2006ல நோக்கியா வந்து 2014ல மூடிட்டுப் போச்சு. ஒரகடம், வல்லம், வடகால்னு சிப்காட் ஒண்ணு ஒண்ணா விரிஞ்சுது. நிலம் குடுத்தவங்க சில பேர் நல்லா இருக்காங்க, சில பேர் குடுத்த இடத்துலயே வாட்ச்மேனா நிக்கறாங்க. அதைப் பத்தி நிறைய எழுதிட்டேன், இப்ப வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல காலையில ஏழு மணிக்கு எறங்குவா. ஏரிக்கரை வழியா நடந்து வருவா. பத்து நிமிஷ நடை. அவ வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எங்க வீட்டம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கும். ஒரு நாள் நான் தேடிக்கிட்டுப் போனா, எருக்கஞ்செடிக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கா.

"என்னம்மா பண்றே?"

"அப்பா, பாருப்பா இது. எருக்கம்பால் குடிச்சும் சாகல."

புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்டு, கொம்பு மாதிரி ஆறு முடி நீட்டிக்கிட்டு. எருக்கிலையை ஆடு மாடு தொடாது, பால் கண்ணுல பட்டா போச்சு. இந்தப் புழு அந்த நஞ்சைத் தின்னு தன் உடம்புல சேத்து வச்சுக்குதாம். பட்டாம்பூச்சி ஆனப்புறமும் நஞ்சு இருக்கும். ஒரு தடவை தின்ன குருவி கக்கிட்டு, மறுபடி அந்த நிறத்துப் பக்கமே போகாதாம். அதுக்குப் பேர் வெந்தய வரியன். வெந்தய நிறம்தான், சரியாத்தான் வச்சிருக்காங்க. கோயம்புத்தூர்ல இருக்கற நேச்சர் அண்ட் பட்டர்ஃப்ளை சொசைட்டிக்காரங்க மாதிரி ஆளுங்க உக்காந்து யோசிச்சு நம்ம ஊர் பட்டாம்பூச்சிக்கெல்லாம் தமிழ்ப் பேர் வச்சிருக்காங்க. தமிழ்நாட்டுல 300க்கு மேல இருக்காம். 2019ல நம்ம அரசாங்கம் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சுது. அது மேற்கு மலைக் காட்டுக்காரன், நம்ம வரப்புக்கு வரமாட்டான்.

செப்டம்பர் மாசம் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம்னு கொண்டாடி ஆளாளுக்கு எண்ணிப் போடறாங்களாம். அப்படித்தான் 2021ல அவ ஒரு நாப்பது ரூபாய் நோட்டுல எழுத ஆரம்பிச்சா. தேதி, நேரம், மேகமா வெயிலா, எந்த இடம், எந்தப் பூச்சி, எத்தனை. அப்பப்ப என்னையும் கேப்பா: "இந்தச் செடிக்கு நம்ம ஊர்ல என்ன பேர்ப்பா?" அங்கதான் எனக்கும் ஒரு வேலை கெடைச்சுது. பூச்சி அவளுக்குத் தெரியும், செடி எனக்குத் தெரியும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்கு முடியும்னு அப்புறம் புரிஞ்சுது, ஏன்னா இதுங்க கண்ட எலையில முட்டை வைக்காது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு செடி, ரெண்டு செடி, அதுல மட்டும்தான்.

எலுமிச்சை எலையில பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதை நான் எத்தனை வருஷமா கட்டை விரலால நசுக்கியிருக்கேன்! அது எலுமிச்சை அழகியோட குட்டிப் புழு. எச்சம்னு நினைச்சு குருவி விட்டுடும்னு அப்படி ஒரு வேஷம். பெருசானதும் எலைப் பச்சைக்கு மாறிடும். சீண்டினா தலைக்குப் பின்னாலேருந்து ரெண்டு பிரிவா ஒரு கொம்பை நீட்டி நாத்தம் விடும். கறிவேப்பிலையில கறிவேப்பிலை அழகி. நெட்டிலிங்கத்துல பச்சைப் புள்ளிக்காரன் ஒண்ணு. மேட்டுக் கொல்லையில தானா மொளைக்கற ஆடுதின்னாப்பாளையில, கறுப்பும் சிவப்புமா ரோசா அழகி. நன்னாரியிலயும் அரளியிலயும் வெண்புள்ளிக் கருப்பன். நாத்தங்கால்ல கன்னு வளக்கறவங்க எலுமிச்சைப் புழுவைத் திட்டறது நியாயம்தான், சின்னக் கன்னை மொட்டையாக்கிடும். என் ரெண்டு மரமும் பெருசு, தாங்கும். இப்ப நசுக்கறதில்ல.

பருப்புக்கீரையைச் சொல்லாம விடக் கூடாது. வேர்க்கடலைக்கு நடுவுல களைன்னு கொத்திக் கொத்திப் போடுவோமே, அதுலயும் ஒரு புழு வளருது. அந்தப் பெண் பட்டாம்பூச்சி வெந்தய வரியன் மாதிரியே வேஷம் கட்டும். நஞ்சு கெடையாது, நிறம் மட்டும் கடன். ஆண் வேற மாதிரி, கறுப்புல வெள்ளை வட்டம், ஓரத்துல ஊதா மினுக்கு. ரெண்டும் புருஷன் பெண்டாட்டின்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல புலி இருந்த அதே முதல் அட்டவணையில இதுவும் ரொம்ப வருஷம் இருந்துச்சாம். கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. புலி தின்ற கீரையை நான் களை கொத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆனா என்னை உண்மையிலேயே உக்கார வச்சது சணப்பு.

எனக்கு மொத்தம் 3 ஏக்கர் 20 சென்ட். அதுல 60 சென்ட் ரோட்டை ஒட்டின மேட்டுக் கொல்லை. கடலை இல்லாதப்ப தழையுரத்துக்கு சணப்பு போடுவேன். பூ வந்ததும் மடக்கி உழுதுடணும். 2022 ஐப்பசியில மழை முந்திக்கிச்சு, கொஞ்சம் அறுத்துப் போட்டதை உழ முடியாம அப்படியே வாடிக் கெடந்துச்சு. ஒரு நாள் மழை வெறிச்ச காலையில போறேன், வாடின சணப்பு மேலெல்லாம் கறுப்பும் கருநீலமுமா மொய்ச்சுக்கிட்டு இருக்கு. காஞ்ச தண்டுல தேன் ஏது? நான் கிட்டப் போனா எழும்பிட்டு மறுபடி அதே தண்டுல உக்காருது. பொண்ணைக் கூப்பிட்டேன். அவ அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம ரெண்டு மணி நேரம் எண்ணினா. 140க்கு மேல.

இதுங்க ஊர் விட்டு ஊர் போற ஜாதியாம். கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், அதோட சொந்தக்காரங்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, ஏற்காடு மாதிரி கிழக்கு மலைங்கள்லேருந்தும் சமவெளியிலேருந்தும் மேற்கு மலைக்குப் போகும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னாடி அங்கேருந்து இந்தப் பக்கம் திரும்பும். நடுவுல சணப்பு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு மாதிரி செடி வாடிக் கெடந்தா எறங்கும். பூவுக்காக இல்ல. அந்தச் செடியில ஒரு கசப்புச் சத்து இருக்கு. ஆண் பட்டாம்பூச்சி அதை உறிஞ்சித்தான் பெண்ணை ஈர்க்கற வாசனையைத் தன் உடம்புல தயார் பண்ணிக்கும். செடி காயம் பட்டு வாடினாத்தான் அந்தச் சத்து வெளிய கெடைக்கும். முப்பது வருஷமா நான் சணப்பு மடக்கறேன். இதுங்க வந்திருக்கும், நான் மண்ணைப் பாத்து ஏரோட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

மறு வருஷம் வேளாண்மைத் துறை கண்டுணர்வு சுற்றுலாவுல கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அங்க பூச்சிக்குன்னே ஒரு அருங்காட்சியகம் இருக்கு, 2018ல திறந்தது. கூட வந்தவங்க சோளத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் கண்ணாடிப் பெட்டி பெட்டியா நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு பெட்டியில பொன்வண்டு, குண்டூசி குத்தி. ஐம்பது வருஷம் முன்னாடி என் தீப்பெட்டியில இருந்தது. பஸ்ஸுல ஹார்ன் அடிக்கற வரைக்கும் நான் வெளிய வரல.

அந்த வருஷமே கோடையில ஒருத்தர் வந்தார். லாரி யார்டு வச்சிருக்கறவர். "அண்ணே, 60 சென்ட்டையும் குடுங்க. மாசம் 40 ஆயிரம், அட்வான்ஸ் ரெண்டு லட்சம். கிராவல் அடிக்கறது என் செலவு." அந்த 60 சென்ட்டுல கடலை போட்டா வருஷத்துக்கு 20 ஆயிரம் நின்னா பெரிய விஷயம். வீட்டம்மா என் முகத்தையே பாக்குது. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். அந்த அட்வான்ஸ் எதுக்கு ஆகும்னு சொல்லாமலே தெரியும்.

பொண்ணு வேணாம்னு அழுவா, சண்டை போடுவான்னு நினைச்சேன். அவ நோட்டை எடுத்துக்கிட்டு வந்தா. "குடுக்கறதுன்னா குடுப்பா. ஆனா ரோட்டுப் பக்கம் 25 சென்ட்டுல ஒண்ணும் இல்ல, ரெண்டு வருஷமா எண்ணிப் பாத்துட்டேன், மொத்தம் நாலு வகைதான். வாய்க்கால் வரப்பு, எலுமிச்சை, சணப்பு போடற இடம், இங்கதான் 19 வகை." இந்த நோட்டு இல்லேன்னா நான் மொத்தத்தையும் குடுத்திருப்பேன், இல்லேன்னா வீம்புக்கு மொத்தத்தையும் வச்சிருப்பேன். 25 சென்ட் மட்டும் குடுத்தேன், மாசம் 16 ஆயிரத்துக்கு. வீட்டம்மா ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல. மீதி 35 சென்ட்டுக்கு யார்டுக்காரர் இன்னும் போன் பண்றார்.

நான் யோசிக்காம விட்டது லைட்டை. நாலு கம்பம் நட்டு, வெள்ளை எல்இடி ஃபோகஸ் லைட்டு மாட்டினாங்க. ராத்திரி என் கழனி கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு. முதல் மாசம் காலையில கம்பத்துக்கு அடியில அந்துப்பூச்சியை முறத்துல அள்ளலாம். தவளை வரிசையில வந்து உக்காந்து தின்னுச்சு. அப்புறம் அள்றதுக்கு ஒண்ணும் இல்லாம போச்சு. கம்பத்துக்குப் பக்கத்து மடையில சம்பாவுல வெண்கதிரும் கூடுதலா வந்துச்சு, குருத்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வர்ற ஜாதிதானே. வாய்க்கால் கரையில ஆவணி புரட்டாசியில பத்து இருபது மின்மினி பாப்பேன். அந்த வருஷம் ஒண்ணு கூட இல்ல. மின்மினி வெளிச்சம் காட்டித்தான் ஆணும் பெண்ணும் பேசிக்குது. அந்த வெள்ளை வெளிச்சத்துல அது சொல்றது எதுக்குக் கேக்கும்?

பூச்சி லைட்டு மேல ஆசைப்பட்டு வரலையாம், அதையும் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. 2024 ஆரம்பத்துல வந்த ஆராய்ச்சி, வேகமான கேமரா வச்சுப் பாத்திருக்காங்க. ராத்திரி வானம் தரையை விட வெளிச்சமா இருக்கும். அதனால பறக்கற பூச்சி எப்பவும் முதுகை வெளிச்சத்துப் பக்கம் வச்சுக்கிட்டுப் பறக்கும், அதுதான் அதுக்கு மேலு கீழு தெரியற வழி. பக்கத்துல ஒரு விளக்கு எரிஞ்சா அதுதான் வானம்னு முதுகைத் திருப்பும், திருப்பினா சுத்தும், சுத்தி சுத்தி விழும். வெள்ளையும் நீலமும் கலந்த வெளிச்சம்னா இன்னும் மோசம், மஞ்சள்னா கொஞ்சம் தேவலாம்.

யார்டுக்காரர்கிட்ட போய்ச் சொன்னேன். "அண்ணே, டீசல் திருட்டு. லைட்டை அணைக்கச் சொன்னா எப்படி?" அவர் சொல்றதும் சரிதான். நான் அணைக்கச் சொல்லல, திருப்பச் சொன்னேன். மூணு வாரம் "பாக்கலாம்ணே, பாக்கலாம்ணே." கடைசியில நானே எண்ணெய் டின் நாலை வெட்டி மூடி மாதிரி பண்ணினேன். யார்டு வாட்ச்மேன் ஒடிசாக்காரர், ராத்திரி அவரும் நானும் ஏணி போட்டு மாட்டினோம், வெளிச்சம் லாரி மேல மட்டும் விழற மாதிரி. பூச்சிக்காகன்னு கையால காட்டினேன். அவர் சிரிச்சுட்டு, அவங்க ஊர்லயும் நெல்லுதான்னு சொன்னார். ரெண்டு பல்பு ஃப்யூஸ் ஆனப்ப மஞ்சளா வாங்கிப் போட்டேன், என் காசுல. இன்னும் ரெண்டு வெள்ளை எரியுது. இந்தப் புரட்டாசியில வாய்க்கால் கரையில மூணு மின்மினி பாத்தேன். மூணுதான்.

ஐப்பசி சணப்புக் கணக்கு நோட்டுல இப்படி இருக்கு. 2022ல 140க்கு மேல. 2023ல 62. இந்த வருஷம் 85. குறையுதா, கூடுதான்னு பொண்ணைக் கேட்டேன். மூணு வருஷத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா, ஒரு வருஷம் மழை முந்தும், ஒரு வருஷம் பிந்தும்னு சொல்லிட்டா. ஜெர்மனிக்காரன் 27 வருஷம் எண்ணியிருக்கான். 2021லேருந்து 27 வருஷம்னா எனக்கு 79 ஆகும்.

தை மாசம் அவளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம், மாப்பிள்ளை ஊர் செய்யாறு பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் நோட்டை யார் எழுதறதுன்னு அவளே பேச்சை எடுத்தா. நாலு ஞாயிற்றுக்கிழமையா என்னை உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கறா. கருப்பன்லயே ரெண்டு மூணு வகை இருக்கு. சிறகுல கோடு ஒண்ணா ரெண்டான்னு பாக்கணுமாம். எனக்கு ஏற்கெனவே கிட்டப் பார்வை சரியில்ல, நான் மூக்கு நுனிக்குக் கண்ணாடியைத் தள்ளறதுக்குள்ள அது பறந்துடுது. தெரியாததைத் தெரியலன்னே எழுதுப்பா, அடிச்சு விடாதேன்னு சொல்லியிருக்கா.

போன ஞாயித்துக்கிழமை முதல் தடவையா தனியாப் போய் எழுதினேன். காலை 8.10லேருந்து 9 மணி வரைக்கும், லேசான வெயில். வெந்தய வரியன் 6. எலுமிச்சை அழகி 2. கறிவேப்பிலை அழகி 3. மஞ்சள்ல சின்னது, தெரியல, 11. கருப்பன், எந்த வகைன்னு தெரியல, 1.

நோட்டுல இன்னும் 30 பக்கம் இருக்கு. அடுத்த வருஷத்துக்கு சணப்பு விதை வாங்கி, வேப்பிலை போட்டு வச்சுட்டேன்.